நன்னன் மலைக்கு ஜோடியாகப் போவது எப்படி

ஒரு இளம் ஜோடி, ஒரு புல்லட். முதல் நாள் ஈசிஆர், மரக்காணம் தாண்டி எங்கேயோ கடற்கரையில் கூடாரம். மறுநாள் கடலை விட்டுவிட்டு மேற்கே திரும்பி, போளூர் வழியாக ஜவ்வாது மலை. இந்த வகைக் காணொளிகளை நான் நிறையப் பார்க்கிறேன், பிடித்துத்தான் பார்க்கிறேன். அதனால் இதை ஒரு பெருசின் புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விமர்சனம் எழுதும் அளவுக்கு இது ஒரு வகைமையாக வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இதற்கென்று விதிகள் இருக்கின்றன. கொண்டை ஊசி வளைவில் ட்ரோன் மேலே எழும்ப வேண்டும். பீமன் அருவியில் கால் நனைக்க வேண்டும். ராத்திரி கூடாரத்துக்குள் மஞ்சள் விளக்கு, வெளியே மேகி, பின்னணியில் கிட்டார். முக்கியமான விதி ஒன்று உண்டு, யாரும் சொல்லமாட்டார்கள்: மலையில் ஆள் இருக்கக் கூடாது. விறகு கொண்டுவந்து போட்டவர் 'லோக்கல் அண்ணா'. பெயர் கிடையாது.

இந்த வகைமைக்குத் தமிழில் ஒரு பாட்டன் உண்டு. ஆற்றுப்படை. போய்ப் பரிசு வாங்கி வந்தவன், போகப்போகிறவனுக்கு வழி சொல்வது. பத்துப்பாட்டில் ஐந்து இந்த வகை. ஆச்சரியம் என்னவென்றால் நம்ம ஜோடி போகும் இரண்டு ரூட்டுமே அதில் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை கடற்கரை ரூட்: எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், அங்கிருந்து கிடங்கில், அதாவது இன்றைய திண்டிவனம். எயிற்பட்டினம்தான் மரக்காணம் பக்கம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். (இந்த வேலூர் கோட்டை இருக்கும் வேலூர் இல்லை.) அங்கே அலை ஒதுக்கிய அகில் கட்டைகள் படுத்துத் தூங்கும் ஒட்டகம் மாதிரி கிடக்கின்றன. அதையே விறகாக்கி நுளையர் வீட்டுப் பெண் கள் காய்ச்சுகிறாள், கூடவே சுட்ட குழல் மீன். கேம்ப்ஃபயர் என்றால் இதுதான். ஆனால் நெருப்பு மூட்டுகிறவளைப் புலவர் ஃப்ரேமுக்கு வெளியே தள்ளவில்லை.

மலை ரூட் மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். இன்றைய செங்கம். அதில் வரும் நவிர மலையைப் பர்வதமலை என்கிறார்கள். சேயாறு, ஜவ்வாது மலையில் பிறக்கும் நம்ம செய்யாறுதான். உ.வே.சா. 1889-ல் பத்துப்பாட்டை அச்சேற்றியதிலிருந்து இது நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஜவ்வாது மலைக்கு பிளான் போடுகிற யாரும் இதைத் திறந்து பார்ப்பதில்லை.

திறந்தால் முதலில் பயமுறுத்துகிறது. பன்றிக்கு வைத்த பொறி வழியில் இருக்கும், ராத்திரி தங்கிவிட்டு விடிந்த பிறகு போ. பாம்பு ஒடுங்கிய குழி இருக்கும், விறலியர் கைகூப்பட்டும், விலகிப் போ. தினைப்புனக் காவலர் யானை மேல் எறியும் கவண்கல் எமன் மாதிரி வரும், மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள். பாசியில் வழுக்கும், மூங்கிலையும் நாணலையும் பிடித்துக்கொண்டு நட. கிளைவழியில் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போ, பின்னால் வருகிறவர்களுக்கு ஆகும். இதில் ஒவ்வொரு ஆபத்தும் யாரோ ஒருவரின் பிழைப்பு. பொறி ஒருவன் வைத்தது, கல் ஒருவன் எறிந்தது. நீ நடக்கும் இடம் இன்னொருவரின் வேலையிடம் என்பது இந்தக் கவிதைக்குத் தெரிந்திருக்கிறது.

நடுகற்களையும் கவிதை காட்டுகிறது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களுக்கென்றே தொல்லியல் துறை தனி நூல் போட்டிருக்கிறது. சாலையோரம் இன்றும் நிற்பவற்றைத் தாண்டித்தான் புல்லட் போகிறது.

ஜோடி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கூத்தர்கள் தனியாகப் போகவில்லை, விறலியரோடு போகிறார்கள். கல்லில் அடிபட்ட அந்தப் பெண்களின் பாதத்துக்குப் புலவர் சொல்லும் உவமை, களைத்த நாயின் நாக்கு. அழகே இல்லாத உவமை, அதனாலேயே மறக்க முடியாதது. சிறுபாணாற்றுப்படையில் நடந்து சோர்ந்த விறலியரின் பாதங்களை இளைஞர்கள் மெல்லப் பிடித்துவிடுகிறார்கள். இன்றைய காணொளிகளில் யாருக்கும் கால் வலிப்பதே இல்லை.

இன்னொரு ஜோடியும் இந்த மலையில் உண்டு, மலையிலேயே வாழும் ஜோடி. மலையில் எழும் ஒலிகளைப் புலவர் அடுக்கிக்கொண்டே போகும் இடத்தில், குரங்கும் ஏற முடியாத பாறையில் தேன் எடுத்தவர்களின் ஆரவாரம் கேட்கிறது. புலி பாய்ந்து கிழித்த கணவன் மார்பின் புண் ஆறுவதற்காகக் கொடிச்சி பாடும் பாட்டும் கேட்கிறது. கிட்டார் டிராக் மூடி மறைப்பது இந்த மாதிரி ஒலிகளைத்தான்.

ரொம்பவும் புகழ வேண்டாம். ஒரு விதத்தில் இதுவும் ஸ்பான்சர்டு கன்டென்ட். 'நன்னனின் கலைஞர்கள்' என்று சொல், குறவர் வீட்டுக்குள் கேட்காமல் உன் வீடு மாதிரி நுழை, நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் கிடைக்கும் என்கிறது கவிதை. ஏன் கிடைக்கிறது? ராஜா பெயர் கதவைத் திறக்கிறது. கொடுத்தவள் அதைப் பற்றி என்ன நினைத்தாள் என்று 583 அடியில் ஒரு வரி இல்லை. கொடிச்சிக்கும் பெயர் இல்லை, லோக்கல் அண்ணா மாதிரியே. ஆனால் அவள் குரல் பதிவாகியிருக்கிறது. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிது.

சாமை விளைவிக்கும் மலையாளி பழங்குடிகள் வாழும் மலை இது. இங்கிருந்து கீழே போகும் பயணங்களை யார் எழுதுவது? 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக்கிராமத்துக்காரர்கள். பேருந்திலிருந்து சிலர் இறக்கப்பட்டார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் இருந்ததால் கணவன் மனைவி என்று நினைத்துத் தன்னை விட்டுவிட்டார்கள் என்று அவர்களில் ஒருவர் சொன்னதாகச் செய்தி வந்தது. ஜோடியாகப் பயணம் போவது என்றால் இந்த வட்டாரத்தில் இப்படியும் ஒரு அர்த்தம் இருக்கிறது.

2023-ல் இதே மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பிறந்த சில நாட்களிலேயே கணவரின் துணையோடு காரில் சென்னைக்குப் போய் உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுதினார், ஜெயித்தார். 200 கிலோமீட்டருக்கு மேல். எனக்குத் தெரிந்து ஜவ்வாது மலையின் மிகச் சிறந்த ரோட் ட்ரிப் அதுதான். எழுதத் தெரிந்தவர் யாராவது அதை ஒரு ஆற்றுப்படையாக எழுதலாம்.

மலைபடுகடாமைப் புதிதாகப் படிக்கிறவர்கள் ஆரம்பத்தில் வரும் வாத்தியப் பட்டியலில் மாட்டிக்கொண்டு புத்தகத்தை மூடிவிட வேண்டாம். சுமார் 290-வது அடிக்கு நேராகப் போங்கள், ஒலிகள் அங்கேதான் தொடங்குகின்றன. பக்கத்தில் ஒரு உரைநூல் இருக்கட்டும். இரண்டு பேராகப் படித்தால் இன்னும் நல்லது, ஒருவர் பாட்டை, ஒருவர் உரையை.