சபையோம்

புள்ளலூர் சரித்திரத்தில் போர்க்களமாகத்தான் இடம்பெற்றிருக்கிறது. மகேந்திரவர்மன் அங்கே பகைவரை அழித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780ல் கர்னல் பெய்லியின் படை அங்கே ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் தோற்ற காட்சி, ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகவே இருக்கிறது. அந்த வருஷம் ஊரில் ஏரி நிரம்பிற்றா, கூலி கிடைத்ததா என்பதெல்லாம் செப்பேட்டுக்கும் ஓவியத்துக்கும் வேண்டாத விஷயங்கள்.

ஏரியைப் பொருட்படுத்திய எழுத்து ஒன்று காஞ்சி வட்டாரத்திலேயே இருக்கிறது. உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய சாசனங்கள். குடவோலைத் தேர்தலுக்காக அவற்றை மெச்சாத மேடை கிடையாது. நான் அவற்றை வசனமாகப் படிக்கிறவன். நல்ல வசனம், அலங்காரமே இல்லை. 30 குடும்பு, ஏரி வாரியத்துக்கு 6 பேர், கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் இடமில்லை, ஓலையை எடுக்க விவரம் அறியாத ஒரு சிறுவன். அந்தச் சிறுவனை என் நாவல் எதிலாவது நான் கற்பனை செய்திருந்தால் கர்வப்பட்டிருப்பேன்.

எழுதியவர்கள் தங்களைச் 'சபையோம்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். தமிழில் இந்த 'ஓம்' விகுதி பொல்லாதது. நாமும் அதுதான், நாங்களும் அதுதான். ஆனால் சாசனத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை: நாங்கள். அது பிராமணர் சபை. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதப் பயிற்சி, 35க்கு மேல் 70க்குள் வயது. ஏரியில் இறங்கி மண் சுமக்கிறவனுக்கு அந்த விகுதியில் இடம் கிடையாது.

சொந்த மனை விஷயம் ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்து இன்னொரு எழுத்தில் வருகிறது. செங்கற்பட்டு ஜில்லா கலெக்டர் திரெமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி 1891ல் எழுதிய அறிக்கை. கூலியாளின் குடிசை நிற்கும் மண்ணும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையும் போய்விடும். இதை உத்தியோகஸ்தருக்குரிய வறண்ட நடையிலேயே காட்டிவிட்டார். 1892ல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் உத்தரவு அதிலிருந்து பிறந்தது. அந்த நிலத்தில் கணிசமான பகுதி பிற்பாடு கைமாறியது தனிக் கதை.

இப்போது பருவநிலை மாற்றம் பற்றி வரும் கட்டுரைகளுக்கு வருகிறேன். அவற்றின் பௌதிகத்தோடு எனக்குச் சண்டை இல்லை. காற்று 1 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவிகிதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிற மழை அதிகமாகும், இடையில் காய்கிற காலமும் கடுமையாகும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் மழை. அடுத்த வருஷமே தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைவு. இரண்டையும் வெப்பத்தின் தலையிலேயே கட்ட மாட்டேன். வரப்போவதன் சாயல் அதுதான் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

என் சண்டை 'நாம்' என்ற சொல்லோடு. நாம் பூமியைச் சூடாக்கிவிட்டோம், நாம் தண்ணீரைச் சிக்கனப்படுத்த வேண்டும். நாற்று நடுகிறவளும், குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறவனும் இந்த 'நாம்' என்பதற்குள் ஒன்றாகிவிடுகிறார்கள். ஏரி வறண்டால் நிலக்காரருக்கு விளைச்சல் போகிறது. சிட்டா, அடங்கலைக் காட்டிப் பயிர் நிவாரணம் கேட்க அவருக்கு ஒரு வழியாவது உண்டு. நடவு இல்லாமல் போன நாட்களுக்கு அவள் எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்? வெள்ளம் வந்தாலோ, தாழ்வான புறம்போக்கில் உள்ள குடிசைக்குள்தான் தண்ணீர் முதலில் நுழைகிறது. பட்டா இல்லாததால் ஆக்கிரமிப்பாளர் என்ற பட்டமும் சேர்ந்துகொள்கிறது. கால் வேலியும் சொந்த மனையும் இன்றும் கேட்கப்படுகின்றன.

உத்தரமேரூர்ச் சபையார் யாரை விலக்கினார்கள் என்பதைக் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். நம் கட்டுரைகளில் அது இலக்கணத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. போன மாதம் அப்படி ஒரு கட்டுரையில் 'நாம்' வந்த இடங்களைப் பென்ஸிலால் வட்டமிட்டுக்கொண்டே போனேன். 17 வந்தது. கூலி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.