கொல்லிப் பண்ணும் வைப் பெடலும்: கமகம், பண்பேற்றம் என்னும் சொற்களின் எல்லை

ஆய்வுச் சுருக்கம்

மின்கிதாரின் ஒலியை அலைவுறச் செய்யும் வைப், ஃபேசர், கோரஸ் முதலிய பெடல்களின் செயலைக் கமகத்தோடு ஒப்பிட்டு விளக்கும் போக்கு இசைக் கற்பித்தலில் காணப்படுகிறது. இவ்வொப்பீடு எவ்வளவு பொருந்தும் என்பதைக் கொல்லிப் பண்ணை உரைகல்லாகக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கமகத்தின் அசைவு சுரத்தையும் பண்ணையும் சார்ந்தது. பெடலின் அசைவு கருவியின் கால வட்டத்தை மட்டும் சார்ந்தது. இவ்வேறுபாடு சட்ச பஞ்சமங்களில் வெளிப்படையாகத் தெரிகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கொல்லிப் பண், நவரோசு, கமகம், பண்பேற்றம், யூனி-வைப், மின்கிதார்

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, சங்கப் பாடல்களில் வல்வில் ஓரியின் மலையாகவும் கொல்லிப்பாவையின் இருப்பிடமாகவும் இடம்பெறுகிறது. ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றின் 152ஆம் பாடல், காட்டிடையே ஓர் இசைக்குழு தன்னை ஆயத்தப்படுத்தும் காட்சியைக் காட்டுகிறது. முழவும் யாழும் தூம்பும் எல்லரியும் ஆகுளியும் தத்தம் நிலையில் அமைக்கப்படுகின்றன. பதலையின் ஒரு முகம் மட்டும் மெல்ல இயக்கப்பட வேண்டும் என்ற குறிப்பும் உண்டு. எக்கருவி எவ்வளவில் ஒலிக்க வேண்டும் என்ற தெளிவு அக்குழுவிடம் இருந்ததை இக்குறிப்பு உணர்த்துகிறது.

இம்மலையின் பெயரையே தேவாரப் பண்களுள் ஒன்றும் தாங்கியுள்ளது. பெயரொற்றுமை ஒன்றைக் கொண்டே அப்பண் இம்மலையில் பிறந்தது என முடிவுகட்ட இயலாது. ஆயினும், அசைவு எது, அசையாதது எது என்னும் வினாவுக்கு அப்பண்ணின் அமைப்பு தக்க சான்றாகிறது. அவ்வினாவை இன்று கூர்மையாக எழுப்புவது மின்கிதாரின் வைப் பெடலாகும்.

வைப் பெடலின் இயக்கம்

யூனி-வைப் என்னும் கருவி 1960களின் பிற்பகுதியில் ஜப்பானில் ஃபுமியோ மியேதாவால் வடிவமைக்கப்பட்டது. அதன் நடுவில் ஒரு சிறு மின்விளக்கும் அதனைச் சூழ நான்கு ஒளிசார் மின்தடையாக்கிகளும் உள்ளன. தாழ் அதிர்வெண் அலையியற்றி ஒன்று விளக்கை மங்கவும் ஒளிரவும் செய்கிறது. ஒளியின் அளவுக்கேற்பத் தடை மாறுகிறது; தடை மாறுந்தோறும் ஒலிக்குறிகையின் கட்டம் நான்கு படிகளில் பெயர்கிறது. நான்கு படிகளின் மின்தேக்கிகளும் வெவ்வேறு மதிப்புடையவை. விளக்கின் இழை வெப்பமேறும் விரைவும் தணியும் விரைவும் ஒன்றல்ல. இவ்விரு காரணங்களால் அதன் அலைவு சீரான ஏற்ற இறக்கமாக அமையாமல் துடிப்புப் போல ஒலிக்கிறது. 1974இல் வெளிவந்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 போன்ற பிற்காலக் கருவிகளின் சீரான சுழற்சியிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவே.

இக்கருவியில் இரு நிலைகள் உண்டு. கோரஸ் நிலையில், பெயர்க்கப்பட்ட ஒலியோடு பெயர்க்கப்படாத மூல ஒலியும் கலந்து வரும். ஒன்றையொன்று வலுவிழக்கச் செய்யும் அதிர்வெண்கள் இடம்மாறிக்கொண்டே இருப்பதால் ஒலியின் நிறம் அலைகிறது. வைப்ரேட்டோ நிலையில் மூல ஒலி நீக்கப்படுகிறது. பெயர்க்கப்பட்ட ஒலி மட்டுமே கேட்கிறது. கட்டம் மாறும் வேகமே அதிர்வெண் விலகலாக வெளிப்படுவதால், இந்நிலையில் அலைவது நிறம் மட்டுமன்று, சுருதியுமாகும். அலைவின் ஆழம் மாறாதிருக்க வேகம் கூடினால் சுருதி விலகலும் கூடும். இவ்விரு நிலைகளின் வேறுபாடு பின்வரும் வாதத்திற்கு இன்றியமையாதது.

சொற்குழப்பம்

இயற்பியல் பாடநூல்கள் வீச்சுப் பண்பேற்றம், அதிர்வெண் பண்பேற்றம், கட்டப் பண்பேற்றம் என மூன்றைத் தெளிவாகப் பிரிக்கின்றன. கிதார் உலகில் இத்தெளிவு இல்லை. ஃபெண்டர் நிறுவனம் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சுருதியை அசைக்கும் நெம்புகோலுக்கு 'ட்ரெமலோ' என்று பெயரிட்டது. அதே நிறுவனத்தின் ஒலிபெருக்கிகளில் ஒலியளவை அசைக்கும் பகுதிக்கு 'வைப்ரேட்டோ' என்று பெயர். இரண்டும் தலைகீழாக வழங்கிய பெயர்கள். இப்பெயர்களை ஆராயாமல் தமிழுக்குக் கொணர்ந்து, அவற்றின்மேல் கமகம் என்னும் சொல்லையும் ஏற்றினால் குழப்பம் இரட்டிப்பாகும்.

தமிழ் மரபு இவ்வகையில் வேறொரு வழியைக் காட்டுகிறது. சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழ் மீட்டலுக்குரிய இசைக்கரணங்களாக எட்டுக் கூறப்படுகின்றன. உந்தல், உருட்டல், வார்தல் முதலிய அப்பெயர்கள் அனைத்தும் விரலின் தொழிலைக் குறிப்பன. ஒலிக்கு நேர்வதைக் கொண்டன்றி, வாசிப்பவர் செய்வதைக் கொண்டே அங்குப் பெயரிடப்படுகிறது. செய்பவரை முன்னிறுத்தும் இப்பெயரீட்டுமுறை, பெடலையும் கமகத்தையும் பிரித்தறிய உதவும் முதல் அளவுகோலாகும்.

கொல்லிப் பண்ணின் கட்டமைப்பு

திருவதிகையில் சூலைநோய் நீங்க அப்பர் பாடியதாகக் கருதப்படும் முதற் பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. சம்பந்தரின் மூன்றாம் திருமுறையிலும் இப்பண் இடம்பெறுகிறது. ஓதுவார் மரபில் இஃது இன்று நவரோசு இராகத்தில் பாடப்படுகிறது. 29ஆம் மேளமான சங்கராபரணத்தின் சேயாகிய நவரோசு, மந்தர பஞ்சமம் முதல் மத்திய பஞ்சமம் வரையுள்ள எல்லைக்குள் இயங்குவது. மேல் சட்சத்தை எட்டாமல், நடுவில் சட்சமும் இரு கரைகளிலும் பஞ்சமமுமாக நிற்கும் குறுகிய பரப்பு அது.

சட்சமும் பஞ்சமமும் அசையாச் சுரங்கள். எனவே நவரோசின் மையமும் இரு எல்லைகளும் அசையாதன. அவற்றுக்கிடையே உள்ள சுரங்களே அசைவுக்கு இடந்தருவன. பரணரின் நற்றிணை 201ஆம் பாடல், காற்று மோதினும் மழை கடுகிப் பொழியினும் இடி தாக்கினும் நிலமே பெயரினும் தன் வடிவு கெடாத கொல்லிப்பாவையைச் சொல்கிறது. பண்ணுக்கும் பாவைக்கும் வரலாற்றுத் தொடர்பு கற்பிப்பது தவறாகும். ஆனால் சூழ நிகழும் அசைவுகளுக்கிடையே அசையாது நிற்பதன் அழகைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான உவமை அரிது.

அசையாச் சுரமும் அசைக்கும் கருவியும்

கமகத்தைச் சுருதியின் சீரான அலைவாகக் கொள்ளும் கருத்து இரு இடங்களில் முறிகிறது.

முதலாவது, கமகம் சுரத்திற்குச் சுரமும் இராகத்திற்கு இராகமும் மாறுவது. தோடியின் சாதாரண காந்தாரம் ரிஷப மத்திமங்களைத் தொட்டு ஆடுகிறது. கரகரப்பிரியாவிலும் அதே சுரத்தானம் உண்டெனினும் ஆட்டம் வேறு. பெடலுக்கு எந்தச் சுரம் ஒலிக்கிறது என்பதே தெரியாது. அதன் வட்டம் எல்லாச் சுரத்திற்கும் ஒன்றே.

இரண்டாவதும் முதன்மையானதும், பெடல் அசையாச் சுரங்களையும் அசைக்கிறது. வைப்ரேட்டோ நிலையில் நவரோசை வாசித்தால், அலைவது காந்தாரமோ நிஷாதமோ மட்டுமன்று; பண்ணைத் தாங்கும் சட்சமும் அதனைக் கட்டும் பஞ்சமங்களும் அலைகின்றன. உடன் ஒலிக்கும் தம்புராவோடு அவை ஒவ்வாத விம்மலை உண்டாக்கும். அலங்காரமாகச் சேர்க்கப்பட்டது அடித்தளத்தைக் கரைத்துவிடுகிறது. கோரஸ் நிலையில் இத்தீங்கு குறைவு: மூல ஒலி பெயராது உடன் நிற்பதால் சுருதியின் நிலைபேறு செவிக்கு எட்டுகிறது, அலைவு பெரிதும் நிறத்தின்பாற்படுகிறது.

கர்நாடக இசையில் மின்தந்திக் கருவிகளைக் கையாண்டோர் வரலாறும் இதற்கு அரணாகிறது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் கொண்ட மாண்டலினை விடுத்து ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினைக் கையாண்டார். இரட்டைத் தந்திகளின் நுண்ணிய சுருதி வேறுபாடு இயல்பாகவே கோரஸ் போன்ற விரிவைத் தருவது. அவ்விரிவுக்கு இடமில்லாத ஒற்றைத் தந்தியிலேயே அவர்தம் கமகங்கள் துலங்கின.

எதிர்வாதமும் மறுமொழியும்

பெடலின் வட்டம் பொருளற்றது எனக் கொள்வதும் பிழை. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1970 சனவரி முதல் நாளில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்டில் நிகழ்த்திய 'மெஷின் கன்' இதற்குச் சான்று. வியட்நாம் போர்க்காலத்தில் எழுந்த அப்படைப்பில், நீண்டு நிற்கும் கிதார் ஒலியினூடே யூனி-வைப்பின் துடிப்பு ஓய்வின்றித் தொடர்கிறது. மனித விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் சுழலும் இயந்திரத்தன்மையே அங்குப் பொருளாகிறது. கமகத்தால் அப்பொருளைத் தர இயலாது. ஆகவே உயர்வு தாழ்வு இங்கு வினாவன்று. எந்த அசைவு எதைச் சுட்டுகிறது என்பதே வினா.

இராணிப்பேட்டையில் பிறந்த கிதார் பிரசன்னா, ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006இல் 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். கர்நாடக இசையும் ராக் இசையும் ஒரே கிதாரில் சந்திக்கும் இத்தகைய முயற்சிகளை மதிப்பிடும் திறனாய்வு, விரல் இழுப்பாலும் சறுக்கலாலும் பிறந்த அசைவு எது, மின்சுற்றால் பிறந்த அசைவு எது எனப் பிரித்துக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் பாராட்டும் திறனாய்வு, கலைஞர் எடுத்த முடிவுகளைக் காணத் தவறுகிறது.

முடிவுரை

1. கமகம் விரலின் தொழில். சுரத்தையும் பண்ணையும் அறிந்து நிகழ்வது. பெடலின் அலைவு மின்சுற்றின் தொழில். காலத்தை மட்டும் அறிந்து நிகழ்வது. முன்னதற்குக் 'கமகம்' என்னும் சொல்லையும் பின்னதற்குப் 'பண்பேற்றம்' என்னும் சொல்லையும் வரையறுத்து வழங்குதல் தகும்.

2. ட்ரெமலோ, வைப்ரேட்டோ என்னும் வணிகப் பெயர்களுக்கு மாற்றாக, வீச்சு, அதிர்வெண், கட்டம் என அலைவது எது என்பதைச் சுட்டும் பெயர்களே ஆய்வெழுத்துக்கு ஏற்றன.

3. கொல்லி போன்ற குறுகிய பரப்புடைய பண்களை மின்கிதாரில் வாசிக்குங்கால், சுருதியின் அசைவு விரலுக்கே உரியதாக விடப்பட வேண்டும். பெடல் தேவைப்படின், கோரஸ் நிலையில், மெல்லிய வேகத்திலும் குறைந்த ஆழத்திலும் நிறம் சேர்ப்பதோடு அது நின்றுவிடல் நலம்.

ஓரியின் மலைக்காட்டில் பதலையின் ஒரு முகத்தை மட்டும் மெல்ல இயக்கச் சொன்ன அளவறிவு, இன்றைய பெடலின் திருகைத் திருப்பும் கைக்கும் வேண்டப்படுவதே.