தொட்டிக்குள் ஒரு கூகை

கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடியில் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால், விரல் நகத்தைவிடச் சிறிய நட்சத்திர மீன்கள் சாம்பல் வெள்ளையாய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கு ஆறு கை இருக்கும். பக்கத்தில் இருப்பதற்கு மூன்று பெரிய கையும் இரண்டு குட்டிக் கையும். யாரும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல, பாறையோடும் பவளத்தோடும் ஒட்டி வந்தவை. வளர்ப்பவர்கள் பழைய பெயரால் அஸ்டரினா என்பார்கள். வகைப்பாட்டில் இவற்றுள் பல இன்று அக்விலோனாஸ்ட்ரா என்ற பேரினத்தில் உள்ளன. உடலை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியும் இல்லாத கைகளை வளர்த்துக்கொள்வதால்தான் இந்தக் கோணல் வடிவம். பெருகத் துணை வேண்டாம், ஒன்று நுழைந்தால் போதும். கத்தியால் நறுக்கிப் போடுபவர் அதன் வேலையைத்தான் செய்து கொடுக்கிறார்.

இவற்றை ஒழிக்கப் பலரும் சொல்லும் வழி, ஒரு ஹார்லெக்வின் இறாலை இறக்கிவிடுவது. செம்பனைத் தோட்டங்களில் எலிக்காகக் கூகைப் பெட்டி நட்டு வைக்கும் மலேசியாவின் கெடாக்காரருக்கு இந்த யோசனை புதிதல்ல. ஐந்து பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி வைத்தால், ஒரு ஜோடிக் கூகை ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்பது தோட்டக் கணக்கு.

இறாலின் திறமையில் குறையில்லை. அதிகம் போனால் ஐந்து சென்டிமீட்டர்; வெண்மையான உடம்பில் ஊதாவும் பழுப்புமாய்த் திட்டுகள். நட்சத்திர மீனைத் தேடிப் பிடித்துப் புரட்டி, அடியிலுள்ள குழாய்க் கால்களையும் மெல்லிய சதையையும் கிள்ளித் தின்னும். பாசியையோ மீன் தீவனத்தையோ நாடாது. மருந்து வேண்டாம், தண்ணீர் கெடாது. செம்பு கலந்த மருந்து ஊற்றினால் நட்சத்திர மீனோடு பவளமும் இறாலும் சேர்ந்தே சாகும். அதை நினைத்தால் இந்த வழி எவ்வளவோ மேல்.

வில்லங்கமும் அந்தத் திறமையிலேயே இருக்கிறது. எலி குறைந்தால் கூகை அடுத்த தோட்டத்துக்குப் பறந்துவிடும். இறாலுக்குப் போக்கிடம் கிடையாது. தொட்டி சுத்தமான சில வாரங்களில் அது பட்டினி கிடக்கத் தொடங்கும். அதன் பிறகு ஒரு பெரிய நட்சத்திர மீனை வாங்கி, கை கையாக வெட்டிப் போட்டு இறாலைக் காப்பாற்ற வேண்டும். தொல்லை உயிரை ஒழிக்க வந்ததற்காக அந்த உயிரின் உறவினரை விலைக்கு வாங்கும் கூத்து இது. லங்காவிக்குத் தெற்கே உள்ள பாயார் தீவில் பொறுக்கிக்கொள்ளலாம் என்று எண்ணவும் முடியாது. அது 1994இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்தறியவும் இறாலுக்குத் தெரியாது. ஆசையாய் வாங்கிய நீல லிங்கியா நட்சத்திர மீனும் அதற்கு இரைதான்.

இந்தக் குட்டி நட்சத்திர மீன்கள் உண்மையிலேயே தொல்லை உயிர்களா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலானவை கண்ணாடிமேல் படியும் பாசிப் படலத்தையும் கழிவையும் மேய்பவை. சில வகைகள் இளஞ்சிவப்புப் பவளப்பாசியை அரிப்பதாகவும் பவளத்தின் உறவினங்களான சோவாந்திட்களைக் கடிப்பதாகவும் புகார் உண்டு. ஏற்கெனவே நோயுற்ற பவளத்தின்மேல் ஏறியிருந்ததைப் பார்த்துப் பழி போட்டதும் உண்டு. பவளப் பாறைகளையே மொட்டையடிக்கும் முட்கிரீட நட்சத்திர மீனின் கெட்ட பெயர் இவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் முக்குளிப்பவர்கள் அதற்கு வினிகரையோ மாட்டுப் பித்த உப்பையோ ஊசியில் ஏற்றிக் கொல்கிறார்கள். நகத்தளவு உயிருக்கு அந்த ஊசி பொருந்தாது.

கூட்டம் பெருகுவதற்கு மிஞ்சும் தீவனம் முக்கியக் காரணம். தீவனத்தைக் குறைத்து, ராத்திரியில் இடுக்கியாலும் உறிஞ்சு குழாயாலும் பொறுக்கி எடுத்தால், ஐம்பது அறுபது இருக்கும் தொட்டியே சில வாரங்களில் அடங்கும். சலிப்பான வேலை, ஆனால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. நூற்றுக்கணக்கில் மொய்த்து, பவளம் கடிபடுவதைக் கண்ணால் கண்டபின் இறாலை நாடுவது நியாயம். அப்போதும் நண்பர்களுக்குள் ஒரே இறாலைத் தொட்டி மாற்றி இரவல் கொடுப்பதே சிக்கனம்: அதற்கும் இரை தொடர்ந்து கிடைக்கும். ஒவ்வொரு முறையும் புதுத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கிவிட வேண்டும். உப்பளவு திடீரென்று மாறினால் இறால் தாங்காது.