கதவு இரண்டு, கதை ஒன்று

ஸ்டான்லி என்ற அலுவலக ஊழியன் தன் அறையை விட்டு வெளியே வருகிறான். கட்டடத்தில் ஆளே இல்லை. எதிரே இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. ஸ்டான்லி இடப்பக்கக் கதவு வழியாகப் போனான் என்று கதைசொல்லியின் குரல் இறந்தகாலத்தில் சொல்லிவிடுகிறது. நாமோ இன்னும் நகரவே இல்லை. பிடிவாதமாக வலப்பக்கம் திரும்பினால் குரல் நம்மை வழிக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. மேலும் மீறினால் எரிச்சல்படுகிறது. அந்த எரிச்சலும் முன்பே எழுதிப் பதிவுசெய்யப்பட்டதுதான். மீறுகிறவருக்கும் ஒரு பாதை தயாராக இருக்கிறது. டேவி ரெடன் 2011இல் 'ஹாஃப்-லைஃப் 2'இன் மேல் கட்டிய இலவச ஆட்டம் 'த ஸ்டான்லி பாரபிள்'. 2013இல் வில்லியம் பியூவுடன் சேர்ந்து அதை விரிவாக்கி வெளியிட்டார். வீடியோ கேம் கதைகளைப் பற்றி இவ்வளவு கூர்மையான விமர்சனத்தை நான் கட்டுரைகளில்கூட வாசித்ததில்லை.

கணக்கு எளிது. பத்து இடங்களில் இரண்டிரண்டு வழிகள் வைத்து, ஒவ்வொன்றையும் தனிக்கதையாக வளர்த்தால் 1,024 முடிவுகள் வேண்டும். குரல் நடிப்பு, அசைவூட்டம், சோதனை என்று பார்த்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் கதையைப் பிரித்து, கொஞ்ச தூரம் போகவிட்டு, மறுபடி ஒரே இடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். இதில் தவறில்லை, தர முடியாததைத் தருவதாக வாக்குக் கொடுப்பதுதான் தவறு. மூன்று ஆட்டங்கள் நெடுகத் தங்கள் முடிவுகளைச் சுமந்துவந்தவர்கள், 2012இல் 'மாஸ் எஃபெக்ட் 3'இன் கடைசியில் ஏறக்குறைய ஒரே காட்சியை நிறம் மாற்றிக் காட்டியபோது கொதித்தது நியாயமே.

இந்தத் துறையின் ஆழமான படைப்பு என்று பலர் சொல்வது 2007இல் கென் லெவின் தலைமையில் உருவான 'பயோஷாக்'. ஆண்டு 1960. அயன் ரேண்டின் தன்னலத் தத்துவத்தை வேதமாகக் கொண்டு ஆண்ட்ரூ ரையன் கட்டிய கடலடி நகரம் ராப்சர், இடிந்து கசிந்துகொண்டிருக்கிறது. அங்கே வந்து சேரும் ஜாக் நாம்தான். அட்லஸ் என்பவர் வானொலியில் வழிகாட்டுகிறார். அவர் கேட்பதையெல்லாம் செய்கிறோம். கேட்கும்போதெல்லாம் அவர் சேர்த்துக்கொள்ளும் பணிவான ஒரு தொடர், ஜாக்கை அடிபணிய வைப்பதற்காகப் பதியவைக்கப்பட்ட விசை என்று பாதிக்குமேல் தெரியவருகிறது. ரையன் கோல்ஃப் மட்டையை ஜாக்கிடம் கொடுத்து, தன்னைக் கொல்லும்படி அதே தொடரால் உத்தரவிடுகிறார். கன்ட்ரோலரில் எந்தப் பட்டனும் வேலை செய்யாது. அடி விழுகிறது. இதுவரை எந்த ஆட்டத்தில் எந்த உத்தரவைக் கேள்வி கேட்டோம் என்ற எண்ணம் அப்போது வந்தே தீரும்.

ஆனால் அதே ஆட்டத்தின் அறத் தேர்வைப் பாருங்கள். ஆடம் என்ற பொருளைச் சுமக்கும் சிறுமிகளைக் கொன்றால் தலைக்கு 160 ஆடம், காப்பாற்றினால் 80. மூன்று பேரைக் காப்பாற்றினால் டெனன்பாம் என்ற விஞ்ஞானி 200 பரிசளிக்கிறார். ஆக மூன்று கொலைக்கு 480, மூன்று கருணைக்கு 440. நல்லவராக இருப்பதற்கு நாம் இழப்பது வெறும் 40. விலை இல்லாத இடத்தில் அறச்சிக்கல் ஏது? ரையன் இறந்தபிறகும் வேறொரு குரல் வானொலியில் வழிகாட்ட, பழையபடி கீழ்ப்படிகிறோம். தான் கண்டுபிடித்த உண்மையை ஆட்டமே கைவிட்டுவிடுகிறது.

2012இல் வந்த 'ஸ்பெக் ஆப்ஸ்: த லைன்' வேறு வழி எடுத்தது. மணல் மூடிய துபாயில் வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டைப் போட வைத்துவிட்டு, செத்துக்கிடக்கும் பொதுமக்களைக் காட்டி நம்மைக் குற்றவாளியாக்குகிறது. போடாமல் முன்னே போக வழி இல்லை. இருந்த ஒரே வழியில் போனவரைப் பழிப்பது என்னை உலுக்கவில்லை.

டெல்டேல் நிறுவனத்தின் 'த வாக்கிங் டெட்' (2012) உலுக்கியது. முதல் அத்தியாயத்தில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யாரைக் காப்பாற்றினாலும் மூன்றாம் அத்தியாயத்தில் உடன் வரும் லில்லியின் துப்பாக்கிக்கு அவர் பலியாவார். நம் நாயகன் லீயை நடமாடும் பிணம் கடிப்பதையும் தடுக்க முடியாது. கையை வெட்டினாலும் சாவு உறுதி. இதைப் பிடித்துக்கொண்டு தேர்வெல்லாம் போலி என்றவர்கள் உண்டு. அவர்கள் கிளெமென்டைனை மறந்துவிடுகிறார்கள். லீ பொய் சொன்னாரா, திருடினாரா, யாரிடம் இரக்கம் காட்டினார் என்று எட்டு வயதுச் சிறுமி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாம் தேர்ந்தெடுப்பது கதை எங்கே போகும் என்பதை அல்ல, அவள் கண்ணெதிரே எப்படிப்பட்டவராக நடந்துகொள்கிறோம் என்பதை. இறுதியில், தன்னைச் சுடு என்று லீ சொல்வதா, விட்டுவிட்டுப் போ என்பதா என்பதுகூட அவளை எந்தப் பாரத்தோடு அனுப்புகிறோம் என்ற கேள்விதான். கிளைகளை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாது. டோபி ஃபாக்ஸின் 'அண்டர்டேல்' (2015) இதையே இன்னும் கடுமையாகச் செய்கிறது: எல்லோரையும் கொன்று முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து நல்லவராக ஆடினாலும், பழைய கொலைகளின் கறை கடைசிக் காட்சியில் தெரியும்.

கனடாவில் உருவான 'வெண்பா' (2023) என்ற தமிழ்க் குடும்பக் கதையையும் இந்த வரிசையில் வைப்பேன். அதில் சமையல்தான் புதிர். சிதைந்துபோன குறிப்புகளைப் பார்த்து இட்லியைத் தவறாகச் செய்தால் திருத்திக்கொள்ளலாம். பேச்சிலும் பதில்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அம்மா வெண்பாவாக எதைச் சொன்னாலும் மகன் கவின் தமிழைவிட்டு விலகிப் போவதைத் தடுக்க முடியாது. கதை மாறவில்லையே என்று குறைப்படுவதற்கு இதில் எதுவும் இல்லை. புலம்பெயர்ந்த அம்மாக்களுக்குப் பிள்ளையின் திசை கையில் இல்லை. அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்லும்போது அதட்டுவதா, சிரித்துவிட்டுத் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பதா என்பது மட்டும் இருக்கிறது.