பேரோஜா: நிறமும் நம்பிக்கையும்

பெரோஸ், பைரோஸ் எனப் பெயர் சூட்டப்பெற்றோர் நம் ஊர்களில் பலருண்டு. வெற்றி என்பது அப்பெயரின் பொருள். பேரோஜா என்னும் நீலக்கல்லின் பெயருக்கும் அதுவே வேர். பாரசீகத்தில் 'பீரூஸ்' என்றிருந்த சொல், பகர ஒலி இல்லாத அரபியில் 'ஃபைரூஸ்' ஆகி, தமிழர் நாவில் மீண்டும் பகரம் பெற்றது.

பெயரில் வெற்றி இருந்தமையால், அணிந்தவர்க்கும் வெற்றி கிட்டும் என்ற நம்பிக்கை கல்லோடு எளிதில் ஒட்டிக்கொண்டது. கல்லின் பிறப்போ வேறு. வறண்ட நிலத்தில், தாமிரம் பொதிந்த பாறைகளினூடே நீர் கசிந்து உருவாகும் தாது அது. தாமிரமே அதன் நீலத்திற்குக் காரணம். சினாயில் பண்டைய எகிப்தியர் அதை அகழ்ந்தெடுத்தனர். குராசானின் நிஷாபூர்ச் சுரங்கங்கள் அதனாலேயே புகழ்பெற்றன.

பதினொன்றாம் நூற்றாண்டில் 'அல்ஜமாஹிர்' என்னும் மணிநூல் இயற்றிய அல்பிரூனியின் பெருமை, கற்களை விவரித்ததில் மட்டுமன்று. மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் கெடும் என்ற கூற்றை அவர் ஒன்பது மாதங்கள் சோதித்து, பொய்யெனக் கண்டார். ஆயினும் கல்லின் அழகை அவர் மறுக்கவில்லை. இந்நடுநிலையே நமக்கு இன்று தேவை.

செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்த பெண்கள் நம் புதுக்கோட்டைக் கிராமங்களில் பலர். ஒளி ஊடுருவும் கல்லுக்கே பட்டை என்பது அத்தொழிலின் பாடம். ஒளி புகாத பேரோஜாவை உருட்டி மழமழப்பாக்குவதே வழக்கம். மின்னாமலே மனங்கவர்வது அதன் தனிச்சிறப்பு. வியர்வையும் எண்ணெயும் பட்டால் அந்நீலம் பச்சையாகத் திரியும். தன் நிறத்தையே காத்துக்கொள்ள இயலாத கல் நம்மை எங்ஙனம் காக்கும்?

விழாக்காலக் கடைகளில் சாயமேற்றிய மலிவான கல்லைப் பேரோஜா என்றும், கண்ணேறு தடுக்கும் என்றும் கூறி விற்பதைக் கண்டிருக்கிறோம். இதில் பொய் இரண்டு: கல்லும் பொய், காப்பும் பொய். முன்னது பணத்தைக் கெடுக்கும். பின்னது அகீதாவைக் கெடுக்கும்.

இதனால் கல் பதித்த மோதிரத்தையே வெறுப்பதும் முறையன்று. நபி (ஸல்) அவர்களின் வெள்ளி மோதிரத்தில் அபிசீனியக் கல் இருந்ததாக முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்களோ, அது நன்மையோ தீமையோ செய்யாத கல் என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், நபியவர்கள் முத்தமிடக் கண்டதாலேயே முத்தமிடுவதாகவும் உரைத்ததைப் புகாரி பதிவு செய்கிறது. அந்தக் கல்லுக்கே அதுதான் அளவு என்றால், விரலில் அணியும் கல்லுக்கு அதனினும் மிகுதியாக எதைக் கோருவது? பேரோஜாவை அதன் நிறத்திற்காக அணிவோம். வெற்றியை அல்லாஹ்விடம் கேட்போம்.