அயலுறவு ஆய்வும் ஆட்சியாளர் நிழலும்

1783-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கடலூரின் நிலத்திலும் கடலிலும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடும்போர் புரிந்தனர். திப்பு சுல்தானின் படைப்பிரிவொன்றும் பிரெஞ்சுக்காரருக்குத் துணை நின்றது. ஆனால் அவ்விரு அரசுகளும் அதே ஆண்டு ஜனவரி 20-ஆம் நாளே ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதான உடன்படிக்கையில் ஒப்பமிட்டுவிட்டன. அச்செய்தி கடலூரை எட்டியது ஜூன் இறுதியில்தான். முடிந்துபோன பகைக்காக மாண்டவர் பலர்.

இன்று செய்தி நொடியில் வந்துவிடுகிறது. அதன் உட்பொருளை ஆய்ந்து, ஆட்சியாளருக்கு உவப்பாயினும் கசப்பாயினும் உள்ளதை உள்ளபடி உரைக்கும் நிறுவனம் நம் நாட்டில் உண்டா என்பதே நாம் எழுப்பும் வினா.

இருந்தது என்றே சொல்ல வேண்டும். 1943-இல் தேஜ் பகதூர் சப்ருவைத் தலைவராகக் கொண்டு டெல்லியில் தோன்றிய உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில், உறுப்பினர்களால் நடத்தப்பட்ட அரசு சாரா அமைப்பாகும். நாடு விடுதலை பெறுமுன்பே, 1947 மார்ச் மாதத்தில், ஆசிய உறவுகள் மாநாட்டை அது கூட்டியது. அடிமை நாட்டின் அரசு அழைத்திருந்தால் அம்மாநாட்டுக்கு அந்த மதிப்பு வாய்த்திராது. எகிப்திலிருந்தும் அரபு லீக்கிலிருந்தும் வந்து கலந்துகொண்டனர். (முஸ்லிம் லீக் அதனைப் புறக்கணித்தது, அது தனியே விவாதிக்கத்தக்கது.) 1955-இல் இக்கவுன்சிலின் முயற்சியால் எழுந்த பன்னாட்டு ஆய்வுப் பள்ளி, 1970-இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

பின்னர் நிறுவனம் நலிந்தது. 2001-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்டது. குடியரசுத் துணைத் தலைவரே பதவிவழித் தலைவர். தலைமை இயக்குநரை நியமிப்பது மத்திய அரசு. அப்பதவிக்கு வருவோர் பெரும்பாலும் வெளியுறவுப் பணியில் இருந்தவர்களே. நலிவிலிருந்து காத்தது சட்டம் என்போர் கூற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் தாம் வகுத்த கொள்கையைத் தாமே திறனாய்வு செய்வது எவருக்கும் அரிது. கட்டடம் காக்கப்பட்டது, தன்னுரிமை காக்கப்பட்டதா?

அரசு நிதியே குற்றமென்று நாம் கருதவில்லை. அல்பிரூனி கஸ்னி அரசின் நிழலில் வாழ்ந்தவர். எனினும் 1030-ஐ ஒட்டி அவர் நிறைவு செய்த கிதாபுல் ஹிந்தில், மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் வளத்தைச் சிதைத்தன என்று ஒளிவின்றிப் பதிந்தார். அப்போது அரியணையில் இருந்தவர் அதே மஹ்மூதின் மகன்! மேலும், இந்தியரைப் பற்றி எழுதுமுன் அவர் சமஸ்கிருதம் கற்றார். ஆய்வாளனுக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை என்பது நம் துணிபு.

இரண்டாவதைச் சற்று விரித்துரைப்போம். 1990-இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, சுமார் 1,70,000 இந்தியர் அம்மான் வழியே தாயகம் அழைத்துவரப்பட்டனர். வளைகுடாவின் ஒவ்வோர் அசைவும் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் அடுப்பெரிவதைத் தீர்மானிக்கிறது. அங்கிருந்து திரும்பியோரின் பட்டறிவை எந்த ஆய்வகமாவது முறையாகக் கேட்டுத் தொகுத்தால், தூதரக அறிக்கைகளில் இல்லாத பலவும் அதில் கிடைக்கும். மேற்காசியா பற்றி நம் நாட்டில் எழுதப்படுவதில் பெரும்பகுதி ஆங்கில நூல்களையும் மேலை ஏடுகளையும் நம்பியே நிற்கிறது. கெய்ரோ நாளேட்டை மூலத்திலேயே படிக்கக்கூடிய பட்டதாரிகளைத் தமிழகத்தின் அரபுக் கல்லூரிகள் ஆண்டுதோறும் உருவாக்குகின்றன. அவர்களை அழைப்பாரில்லை.

அழைத்தாலும் அவர்கள் ஆயத்தமாக உள்ளனரா? இலக்கணமும் ஃபிக்ஹும் தேர்ந்த ஆலிமுக்கு எண்ணெய் விலையும் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டமும் அந்நியமாகவே உள்ளன. இக்குறை டெல்லியினுடையதன்று, பாடத்திட்டம் வகுக்கும் நம்முடையது. இறுதி இரண்டாண்டுகளில் சமகால அரபு ஏடுகளையும் பன்னாட்டு உறவுகளையும் ஒரு பாடமாகச் சேர்க்கப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.