மாநக்கவாரமும் நம் பயணக் கட்டுரைகளும்

அந்தமான், நிக்கோபார்த் தீவுகளைப் பற்றித் தமிழில் வெளிவரும் பயணக் கட்டுரைகளுக்கென ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. செல்லுலார் சிறையில் தொடங்கி, பவளப்பாறைகளைக் கண்டு, பாராட்டாங் சுண்ணாம்புக் குகைக்குச் செல்லும் வழியில் ஜாரவா மக்கள் தென்பட்டனரா இல்லையா என்ற பரபரப்பில் அவை உச்சத்தை எட்டும். பறவை, ஆமை, பழங்குடி மூன்றும் ஒரே பத்தியில் ஒரே வியப்புச் சொற்களால் பேசப்படும். இவ்வெழுத்துகளைப் படிக்கும்போது நமக்கு எழும் வினா ஒன்றே: அங்கு வாழும் மனிதர் இவற்றில் எங்கேனும் வாய் திறக்கின்றனரா?

இவ்வினாவை எழுப்பத் தூண்டியது மணிமேகலை. ஆதிரை பிச்சையிட்ட காதையில், கலம் கவிழ்ந்து கரையொதுங்கும் சாதுவனை நக்க சாரண நாகர் சூழ்ந்துகொள்கின்றனர். அவன் உயிர் பிழைத்தது அவர்தம் மொழியை அறிந்திருந்தமையால். இம்மக்களின் இடத்தை நக்கவாரம், அதாவது நிக்கோபார், எனக் கொள்வாரும் உளர். அதற்குரிய சான்று வலுவானதன்று என்பதே நம் கருத்து. இங்கு இடத்தைவிடக் கூற்றுமுறையே முதன்மையானது. காப்பியப் புலவர் நாகர் தலைவனைத் துணையோடிருக்கும் கரடிக்கு ஒப்பிடுகிறார். இன்றைய கட்டுரையாளரின் வியப்பும் ஏறத்தாழ அவ்வளவில் நின்றுவிடும். ஆனால் சாத்தனார் அடுத்த கணமே அத்தலைவனைப் பேசவைக்கிறார். கள்ளையும் பெண்ணையும் மறுக்கும் விருந்தினனிடம், இவையின்றி மாந்தர்க்கு உலகில் வேறென்ன பயன் என அவன் வாதிடுகிறான். உடலை விட்டு நீங்கும் உயிர் வேறிடம் புகும் என்றதும், அது எவ்வாறு என விளக்கம் கேட்கிறான். இறுதியில் தங்களுக்கு இயலக்கூடிய அறம் எது என்றே வினவுகிறான்.

சாதுவன் திருத்த வந்தவனாகவே நிற்கிறான் என்பதை மறுப்பதற்கில்லை. பௌத்தக் காப்பியத்தின் நோக்கம் அது. எனினும் திருத்தப்படுபவனுக்கும் அங்கே ஓர் அறிவு உண்டு, கேள்வி உண்டு.

அந்தமான் பெருவழிச் சாலையைப் பற்றிய கட்டுரைகளில் இது முற்றிலும் இல்லை. ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நிறுத்தப்பட்டுக் காவலுடன் ஜாரவா ஒதுக்ககத்தினூடே அனுப்பப்படும் முறையை அவை ஒரு சாகசமாக வருணிக்கின்றன. ஒதுக்ககத்தினுள் செல்லும் சாலைப் பகுதியை மூடுமாறு 2002இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதையும், ஜாரவாப் பெண்கள் பயணிகள்முன் ஆடவைக்கப்பட்ட காணொளி 2012இல் உலகெங்கும் பரவியதையும் அவை அறியாதனபோல் கடந்துவிடுகின்றன. 2010இல் போவா மூதாட்டி மறைந்தபோது போ மொழியைப் பேச உலகில் ஒருவரும் எஞ்சவில்லை. சாதுவனைக் காத்தது ஒரு மொழியறிவு என்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

உயிரினங்களைப் பற்றிய பகுதிகளும் மேலோட்டமானவையே. பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் முட்டையிடும் தோல்முதுகு ஆமை நமக்கு அந்நியமன்று. தெரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கரையில் கூட்டங்கூட்டமாக வேடிக்கை பார்க்கப்பட்டு, இன்று ஏறத்தாழ மறைந்தே போனது அவ்வினம். அதே விரிகுடாவில் பெருந்துறைமுகம் அமைக்கும் திட்டத்திற்கு 2022இல் சுற்றுச்சூழல் ஒப்புதல் தரப்பட்டது. ஷோம்பென் மக்களும் அத்தீவினரே.

தமிழர் இத்தீவுகளை நினைவுகூரும் மற்றொரு முறை சோழப் பெருமிதம். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கடாரத்தோடு மாநக்கவாரத்தையும் வெற்றிப் பட்டியலில் வைக்கிறது. 2024இல் போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டபோதும் சோழர் கடற்படையே எடுத்துக்காட்டாயிற்று. (மெய்க்கீர்த்தியில் ஸ்ரீவிசயம் தோற்ற நாட்டின் பெயர் என்பது வேறு செய்தி.) மெய்க்கீர்த்திக்கு ஊர்ப்பெயர் போதும், ஊரார் வேண்டியதில்லை. பயணக் கட்டுரையும் அதே இலக்கணத்தைக் கைக்கொள்வதுதான் நமக்கு உறுத்தலாக உள்ளது.

யோங் பெங் வட்டாரத் தமிழாசிரியர் சிலரோடு மாணவர் கட்டுரைகளைப் பற்றி அண்மையில் உரையாடினோம். குளுவாங் வழியாக மெர்சிங் சென்று தீவுகளைக் கண்டுவந்த பிள்ளைகளின் எழுத்தில் கடலின் நீலமும் மீன்களின் வண்ணமும் நிறைந்திருந்தன. படகோட்டியின் பெயர்கூட இல்லை. பிள்ளைகளைக் குறை கூறுவது முறையன்று. நாம் அவர்களுக்கு மாதிரியாகத் தந்த கட்டுரைகள் அத்தகையன.

அவ்வாசிரியர்களிடம் நாம் எடுத்துரைத்தது நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தின் கச்சால் தீவைப் பற்றி. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில அங்கே இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தென்னையும் பன்றியும் வளர்த்து வாழ்ந்த நிக்கோபாரியரின் மண்ணில், மலையகத்திலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழர் பால்மரம் வெட்டினர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அத்தீவைச் சிதைத்தபோது இரு சாராரும் உயிர்களை இழந்தனர். பால்மரக் காட்டில் பிறந்த பெற்றோரைக் கொண்ட யோங் பெங் மாணவருக்கு அந்தமான் சிறைச்சாலையைவிட இது நெருக்கமான செய்தி. நாம் படித்த பயணக் கட்டுரைகளுள் ஒன்றுகூடக் கச்சாலில் கரையிறங்கவில்லை. அங்குச் செல்லப் பழங்குடிப் பகுதிக்கான அனுமதி வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் அங்கிருந்து வந்தோரைத் தலைநகரிலேயே தேடிப் பேசியிருக்கலாம். அதற்கு வேற்று மொழி கற்கவேண்டிய தேவையும் இல்லை.